கொழுந்தனார் ஏன் மறுத்தார்?

பழனிசெட்டிபட்டியிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரை வெளியிட வேண்டாம் என்று அடிக்கோடு போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதால், கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய நாத்தனாருக்கு இது இரண்டாவது பிரசவம். இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. உடம்பில் ரத்தம் குறைச்சலாக இருக்கிறது, பிரசவ சமயத்தில் ஏற்றவேண்டி வரலாம், எதற்கும் இரண்டு பேரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டரம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒருவர் நாத்தனாரின் கணவர். இன்னொருவராக வீடு முழுவதும் கைகாட்டியது கொழுந்தனாரை. இருபத்தாறு வயது, திடகாத்திரமான ஆள். குமுளி மலையேறிக் கேரளத்துக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறவர். அவரோ, "என்னால முடியாது மதினி, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாராம்.

அன்று முதல் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. "கூடப் பிறந்தவளுக்கு ஒரு பாட்டில் ரத்தம் கொடுக்க மனசு வரலையே உனக்கு!" என்று மாமியார் அழுகிறார். அக்கம்பக்கத்திலோ வேறு மாதிரிப் பேச்சு. லாரியில் போகிற பையன், வெளியூரில் தங்குகிறவன், என்னத்தைத் தேடிக்கொண்டு வந்தானோ என்று வாய் கூசாமல் பேசுகிறார்கள். சகோதரி கேட்கும் கேள்விகள் இரண்டு. கொழுந்தனாரை எப்படியாவது சம்மதிக்க வைக்கலாமா? வியாதி இருப்பது தெரிந்தே ஒருவர் ரத்தம் கொடுத்தால் அவரைச் சட்டம் சும்மா விட்டுவிடுமா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சும்மா விடாது. ஆனால் பலர் நினைப்பதுபோல "எச்.ஐ.வி. ரத்தம் கொடுத்த குற்றம்" என்று தனியாக ஒரு குற்றம் நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தில் கிடையாது. இருப்பது மிகப் பழைய பிரிவுகள். உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடிய காரியத்தை, அப்படிப் பரவும் என்று தெரிந்தோ, நம்புவதற்குக் காரணம் இருந்தோ, அஜாக்கிரதையாகச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை. கெட்ட எண்ணத்தோடு செய்தால் இரண்டு வருஷம் வரை. அபராதமும் உண்டு. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் இவை 269, 270ஆம் பிரிவுகளாக இருந்தன. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்று எண் மாறியிருக்கிறது. விஷயம் மாறவில்லை.

இந்தப் பிரிவுகளை எழுதியவர்கள் எச்.ஐ.வி.யைக் கனவிலும் கண்டிருக்க முடியாது. அவர்கள் மனசில் இருந்தது காலராவும் அம்மையும் போன்ற கொள்ளைநோய்கள். 1883ஆம் வருஷத்தில் நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. காலரா கண்ட ஒருவர் ரயில்வே சிப்பந்திகளிடம் சொல்லாமல் ரயில் ஏறிவிட்டார். அது 269ஆம் பிரிவின்படி குற்றமே என்று தீர்ப்பாயிற்று. நூறு வருஷத்துக்கு அப்புறம் வேறொரு வியாதி வந்தபோது சட்டப் புத்தகத்தைப் புரட்டியவர்கள் கையில் அகப்பட்டது அதே பிரிவுதான்.

அந்த வியாதி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் நம் சென்னையிலேதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆராய்ச்சி செய்த நிர்மலா செல்லப்பனும் கண்டுபிடித்தார்கள். நம்மிடமாவது, எச்.ஐ.வி.யாவது என்று பெரிய பெரிய மனிதர்கள் அலட்சியமாக இருந்த சமயம் அது. 1989 முதல் ரத்தத்தை எச்.ஐ.வி.க்காகச் சோதிப்பது கட்டாயமாயிற்று. காசுக்கு ரத்தம் விற்பவர்களிடம் வாங்கக்கூடாது என்று 1996இல் சுப்ரீம் கோர்ட் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. விற்பவன் போனான். அந்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொழுந்தனார்களும் மைத்துனர்களும்தான்! அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தெரிந்தே கொடுத்தவர் என்று பிரிவு பேசுகிறது. நிஜமாக நடந்த வழக்குகளைப் பார்த்தால் வேறு மாதிரி ஆட்கள் தென்படுகிறார்கள்.

1995இல் நாகாலாந்திலிருந்து ஒரு டாக்டர் சென்னைக்கு வந்தார். அவர் தமக்காக வரவில்லை. ஒரு நோயாளிக்குத் துணையாக அந்த மாநில சர்க்கார் அவரை அனுப்பியிருந்தது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. ரத்தம் போதவில்லை. ரத்தம் கொடுக்கச் சொல்லிக் கேட்டதும் டாக்டர் கையை நீட்டினார். சோதித்துப் பார்த்ததில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அதுவரை அவருக்கே தெரியாது! செய்தி ஆஸ்பத்திரியிலிருந்து எப்படியோ வெளியே போயிற்று. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. ஊரில் தலைகாட்ட முடியாமல் போயிற்று. என் ரகசியத்தை எப்படி வெளியே சொல்லலாம் என்று அவர் வழக்குப் போட்டார். 1998இல் சுப்ரீம் கோர்ட் அவருக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. மணக்கப்போகிற பெண்ணுக்கு உண்மை தெரியவேண்டியது அவசியம் என்றது. அதோடு நிற்காமல் 269, 270ஆம் பிரிவுகளையும் எடுத்துக்காட்டி, இப்படிப்பட்டவர்களுக்குக் கல்யாண உரிமையே நிறுத்திவைக்கப்பட்டது என்கிற அளவுக்குப் போய்விட்டது. 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் கூடி, கல்யாண உரிமையைப் பற்றிய அந்தப் பேச்சு வழக்குக்குத் தேவையில்லாதது என்று ஒதுக்கிவைத்தது. ரத்தம் கொடுக்கப் போன மனிதரின் கதை இது. அவர் செய்த தப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நமக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. தேனியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது விருதுநகர் மாவட்டத்துச் சாத்தூர். 2018 டிசம்பர் ஆரம்பத்தில் அங்கே சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு கர்ப்பிணிக்கு, ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தம் சிவகாசி சர்க்கார் ஆஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் பத்தொன்பது வயதுப் பையன். உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தது, அவருக்குத் தேவைப்படாமல் வங்கியில் தங்கிவிட்டது. சில நாள் கழித்து, வெளிநாட்டு வேலைக்காக அந்தப் பையன் வைத்தியப் பரிசோதனைக்குப் போனார். அப்போதுதான் தமக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது.

தெரிந்ததும் என்ன செய்தார்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவரோ, என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரிக்கே தகவல் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. விசாரித்தபோது இன்னொரு உண்மையும் வெளிவந்தது. 2016இலேயே அவர் ஒரு தடவை ரத்தம் கொடுத்திருக்கிறார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவேயில்லை. இரண்டு வருஷம்! அந்த இரண்டு வருஷத்தில் அவர் மருந்து சாப்பிட ஆரம்பித்திருக்கலாம். மறுபடி ரத்தம் கொடுக்கப் போயிருக்கவே மாட்டார்.

செய்தி பத்திரிகைகளில் வந்தது. ஊர் பேசியது. அந்தப் பையன் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, 2018 டிசம்பர் 30ஆம் தேதி மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மறுமாதம் அதே மதுரையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. முன்கூட்டியே மருந்து கொடுத்ததால் குழந்தைக்குத் தொற்று ஒட்டவில்லை என்று பின்னால் சோதனையில் தெரிந்தது. ரத்த வங்கிச் சிப்பந்திகள் மீது நடவடிக்கை வந்தது. 2019இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தரவேண்டும் என்று சர்க்காருக்கு உத்தரவிட்டது. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். கைநீட்டி வாங்கிக்கொண்ட தாயும் சரி, கைநீட்டிக் கொடுத்த பிள்ளையும் சரி, யாரை நம்பி நீட்டினார்கள்? நடுவிலே இருந்த சோதனையை நம்பித்தானே?

சாத்தூரில் "தெரிந்தே கொடுத்தவர்" என்று ஒருவரும் இல்லை. நாகாலாந்து டாக்டர் விஷயத்திலும் இல்லை. வேண்டுமென்றே பிறரைக் கெடுக்க ஊசிக்குக் கை நீட்டும் கிராதகர்கள் உலகத்தில் அறவே கிடையாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அப்படி ஒருவன் இருந்தால் அவனுக்கு 272ஆம் பிரிவு இருக்கிறது, இரண்டு வருஷம் என்ன, அதற்கு மேலும் கொடுக்கட்டும் என்பேன். ஆனால் ஒரு சங்கடம் பாருங்கள். சட்டம் தண்டிப்பது தெரிந்தவனை. "எனக்கு இருக்கிறதோ என்னவோ, சோதித்துப் பார்ப்போம்" என்று போகிறவன் தெரிந்தவன் ஆகிவிடுகிறான். பார்க்கவே வேண்டாம் என்று இருப்பவன் தெரியாதவனாகத் தப்பித்துக்கொள்கிறான். தண்டனையைப் பெரிதாக்கப் பெரிதாக்க, சோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் இது பெரிய குற்றமாக, வருஷக்கணக்கில் சிறைவாசம் என்று இருந்தது. 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2018 ஜனவரி முதல் அந்தப் பெரிய குற்றத்தை எடுத்தேவிட்டார்கள். ஒவ்வொரு பையையும் சோதிக்கும் காலத்தில் அந்தப் பயமுறுத்தல் ஜனங்களைச் சோதனையிலிருந்து விரட்டுகிறதே தவிர வேறு பிரயோஜனம் இல்லை என்பது அவர்கள் வாதம்.

நம் நாட்டிலும் 2017இல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர் பிறருக்குப் பரவாமல் நியாயமான ஜாக்கிரதைகளை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கடமைக்குப் புதிதாகத் தண்டனை எதுவும் அங்கே எழுதவில்லை. சம்மதமில்லாமல் ஒருவரைச் சோதிக்கக்கூடாது, அவர் நிலையை வெளியே சொல்லக்கூடாது, வேலையிலிருந்து நீக்கக்கூடாது என்பவற்றுக்குத்தான் அது அதிக இடம் கொடுத்திருக்கிறது. ரத்தத்துக்கும், கண், சிறுநீரகம் போன்ற அவயவங்களுக்கும் ஒரு விலக்கு உண்டு: கொடுப்பவரிடம் தனிச் சம்மதம் கேட்காமலே சோதிக்கலாம். வாங்கிக்கொள்பவரின் உயிர் அதில் இருக்கிறதே!

சரி, எல்லாப் பையையும் சோதிக்கிறார்கள் என்றால் பயம் எதற்கு என்று கேட்பீர்கள். எச்.ஐ.வி., இரண்டு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கத்தான் செய்கிறார்கள். சோதனையை ஒழுங்காகச் செய்தாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வயல் பார்த்துப் பழகியவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். விதை தெளித்த மறுநாள் நாற்றங்காலைப் பார்த்தால் வெறும் சேறுதான் தெரியும். விதை உள்ளே இருக்கிறது, முளை வெளியே வரவில்லை. தொற்று புகுந்த முதல் சில நாட்களும் அப்படித்தான். சாதாரணமான சோதனைக்கு அகப்பட இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கிருமியின் மூலப்பொருளையே தேடும் உயர்ந்த சோதனைக்குக்கூட பத்து நாள் அளவில் பிடிக்கும். அது எல்லா ரத்த வங்கியிலும் இல்லை. இந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றக்கூடியவர் ஒரே ஒருவர்தான். ரத்தம் கொடுக்க வந்தவர்! "இந்தத் தடவை நான் கொடுக்கவில்லை" என்று அவர் சொல்லவேண்டும். சொல்ல முடிகிற மாதிரி நாம் விடவேண்டும்.

இங்கேதான் கொழுந்தனார்கள் வருகிறார்கள். தெரியாத ஊரில் முகாமுக்குத் தாமாகப் போய்க் கொடுக்கிறவர், மனசில் சின்னச் சந்தேகம் இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அக்காளுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவரால் அப்படித் திரும்பிவிட முடியுமா? அம்மா பார்க்கிறாள், மச்சான் பார்க்கிறார், மதினி காப்பி வாங்கிக்கொண்டு வந்து காத்திருக்கிறாள். உள்ளே ஒரு காகிதத்தை நீட்டி, சமீபத்தில் அந்த மாதிரிப் பழக்கம் உண்டா, இந்த மாதிரி ஊசி போட்டுக்கொண்டது உண்டா என்று கேட்கிறார்கள். "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். அந்தப் பொய்க்குப் பாதிப் பொறுப்பு, என்னைக் கேட்டால், வராந்தாவில் நிற்கிறவர்களுடையது. உறவுக்காரர் ரத்தம்தான் சுத்தமானது என்று நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை. கட்டாயம் இல்லாமல், அடிக்கடி, தாமாகக் கொடுக்கிறவர் ரத்தமே அதைவிட நம்பத்தக்கது என்பதுதான் வைத்தியர்கள் அபிப்பிராயம்.

நியூயார்க் ரத்த நிலையத்தில் 1980களின் முற்பகுதியில், சோதனையே கண்டுபிடிக்கப்படாத காலத்தில், ஓர் அழகான ஏற்பாடு செய்தார்கள். ரத்தம் கொடுத்தவரிடம் ஒரு சீட்டு. "என் ரத்தத்தை நோயாளிக்கு ஏற்றலாம்" என்றோ "ஆராய்ச்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்" என்றோ ரகசியமாகக் குறித்துக் கொடுத்துவிடலாம். கூட வந்த சிநேகிதருக்கும் தெரியாது, காரணமும் சொல்லவேண்டாம். மானமும் போகாது, நோயாளியும் பிழைப்பார். எந்தச் சட்டப் பிரிவையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

ஆகவே, சகோதரி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: கட்டாயப்படுத்தாதீர்கள். மாமியாரையும் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் கொழுந்தனார் மறுத்ததற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்திருக்கலாம். கையில் புதிதாகப் பச்சை குத்திக்கொண்டிருக்கலாம், வீட்டுக்குப் பயந்து சட்டைக்கைக்குள் மறைத்திருக்கலாம். ஏதாவது மாத்திரை சாப்பிடலாம். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆம்பிளைகளை எனக்குத் தெரியும், அதை வெளியே சொல்வார்களா? அக்கம்பக்கத்தார் நினைக்கிறதே காரணமாக இருந்தாலும், அவர் செய்தது சரியான காரியம். தம் அக்காளுக்கு அதைவிட நல்லது அவரால் செய்திருக்க முடியாது.

லாரிக்காரர் என்பதற்காகப் பேசுகிறார்களே, அதற்கு ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் லாரித் தொழிலையும் இந்த வியாதியையும் சேர்த்தே பிரசாரம் செய்தார்கள். ஜனங்களை எச்சரிக்கத்தான் செய்தார்கள். அந்தப் பேச்சு இன்னும் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்துக்குத் தொழில் தெரியாது. சோதனைக் குழாய்தான் சொல்லவேண்டும், பக்கத்து வீட்டு அத்தை அல்ல.

கொழுந்தனாரிடம் தனியாக, வேறு யாரும் இல்லாத சமயத்தில், ஒன்று மட்டும் சொல்லுங்கள். "நீங்க கொடுக்க வேண்டாம் தம்பி, நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன். உடம்புல ஏதாவது சந்தேகம் இருந்தா ஒரு எட்டு க.விலக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க." தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் என்று இருக்கிறது. காசு வாங்காமல், வெளியே சொல்லாமல் சோதிப்பார்கள். போகுமுன் விசாரிக்க வேண்டுமானால் 1097க்குப் போன் செய்யலாம். ரத்த வங்கிக்குப் போய்த் தம்மைச் சோதித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான யுக்தி. முளை விடாத நாட்களில் அந்தப் பை சோதனையில் தேறி யாரோ ஒரு பெண்ணின் கையில் ஏறிவிடும். ஒருவேளை தொற்று இருப்பதாகவே தெரிந்தாலும் உலகம் முடிந்துவிடாது. 2004 முதல் சர்க்கார் மருந்தை இலவசமாகக் கொடுக்கிறது. தவறாமல் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப்போல வேலை செய்து, கல்யாணம் செய்துகொண்டு, நல்லபடியாக ஆயுசோடு இருக்கிறார்.

இன்னொன்று. ரத்தம் கொடுத்துவிட்டு வீடு வந்த பிறகு ஒருவருக்கு மனசு உறுத்தினால், உடனே ரத்த வங்கிக்குப் போன் செய்து, "இன்ன தேதியில் நான் கொடுத்த பையை உபயோகிக்க வேண்டாம்" என்று சொல்லலாம். ஒவ்வொரு பைக்கும் எண் உண்டு. தனியே எடுத்து வைத்துவிடுவார்கள். சிவகாசிப் பையன் அதைத்தான் செய்தார், சில நாள் தாமதமாக. ஒருநாள்கூடத் தாமதம் வேண்டாம்.

இரண்டாவது ஆளுக்கு எங்கே போவேன் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே, நீங்கள்! பதினெட்டு வயதுக்கு மேல், எடை 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் பெண்கள் தாராளமாகக் கொடுக்கலாம். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற சமயமாக இருக்கக்கூடாது. ரத்த வகை ஒத்துப்போகவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். நீங்கள் கொடுப்பதை வங்கி வைத்துக்கொண்டு, நாத்தனாருக்குப் பொருத்தமானதைக் கொடுக்கும்.

அதற்கும் முன்னால், நாத்தனாருக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று அவரை அழைத்துப்போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக்கூடாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். பல வீடுகளில் அது அலமாரியில் தூங்குகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று பெண்கள் நிறுத்திவிடுகிறார்கள். காப்பியோடும் டீயோடும் சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சம்பழ ரசத்தோடு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் இரும்புச்சத்தை ஊசியாகவே ஏற்றுகிறார்கள், டாக்டரம்மாளிடம் கேளுங்கள். மூன்று மாதத்தில் அந்த எண் ஏறிவிட்டால், ரத்தம் ஏற்றவேண்டிய அவசியமே வராமல் போகலாம்.